வன்னியில் கரண்ட் கார்: காரைப் பார்க்க முதல் மீற்றர்ப் பெட்டியைப் பாருங்கள்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகும் வாகனம் குறைவு. நானும் நிற்பேன். கற்பூரம் கொளுத்தி, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினால் என் காருக்குப் பக்கத்தில் இரண்டு பேராவது நிற்பார்கள். "தம்பி, உது கரண்டிலயோ ஓடுது?" என்று தொடங்கும். "மழைக்குள்ள ஓடினா ஷொக் அடிக்காதோ?" "கரண்ட் போனா என்ன செய்வியள்?" "யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வருமோ?" கடைசியில் குரலைத் தணித்து, "பில் எவ்வளவு வருது?"

2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு படுத்தெழும்பிய கோபத்தில் பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். அதே வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள் என்பது காசைக் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டவற்றைத்தான் கீழே எழுதுகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் இந்த ஒழுங்கிலேயே செய்தால் நல்லது. அநேகர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் கார், பிறகு வயர், கடைசியில் தூரக் கணக்கு.

முதலில் தூரம்

ஒரு வாரம், காரோ மோட்டார் சைக்கிளோ, இப்போது ஓடும் வாகனத்தின் கிலோமீற்றரை ஒவ்வொரு இரவும் கொப்பியில் எழுதுங்கள். வன்னியில் நாங்கள் தூரம் ஓடுகிறோம் என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு. எழுதிப் பார்த்தால் பள்ளிக்கூடம், கந்தோர், சந்தை, வயல் எல்லாம் சேர்ந்தும் நாளுக்கு 40 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் நீண்ட ஓட்டம் வரும். அந்த நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கார் உங்களுக்குச் சரிவருமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவை அவைதான்.

இனி காரின் பக்கம். கம்பனிக்காரர் சொல்லும் தூரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 40 கிலோவாற் மணி லீஃபுக்கு அமெரிக்கப் பரிசோதனை 243 கிலோமீற்றர் சொல்கிறது. சீனத்துக் காரான பீவைடி அற்றோ 3இன் பெரிய பற்றரிக்கு ஐரோப்பியப் பரிசோதனை 420 சொல்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகோல். நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஒரு யூனிற்றுக்கு, அதாவது ஒரு கிலோவாற் மணிக்கு, 6 கிலோமீற்றர். ஏ9 வீதி எங்கள் பக்கம் தட்டையாகக் கிடப்பதால் 60, 70இல் நிதானமாக ஓடினால் 7 கூட வரும். ஏசியும் போட்டு 90இல் பறந்தால் 5க்கு இறங்கும். சோளகக் காற்றுக் காலத்தில் ஆனையிறவு வெளியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் எதிர்க்காற்று பட்டால் மிச்சம் கண் முன்னாலேயே குறையும். முதல் தடவை கார் பழுது என்று நினைத்தேன். காற்றுத்தான்.

என் லீஃபின் பற்றரி பழசாகி இப்போது ஏறத்தாழ 30 யூனிற் பிடிக்கிறது. ஆறால் பெருக்க 180. அதில் 40ஐ அவசரத்துக்கு ஒதுக்கினால் 140 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர 130 அளவு. போய்வரும், ஆனால் சுற்றித் திரிய மிச்சமில்லை. வவுனியா போய்வர 150க்கு மேல், அங்கே கொஞ்சம் ஏற்ற வேண்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருவதென்றால் 210ஐத் தாண்டும். மாமி வீட்டில் சாப்பிடும் மூன்று மணித்தியாலம் பிளக்கில் குத்தினாலும் 40 கிலோமீற்றர்தான் கூடும். அந்த ஓட்டத்தைக் கிழமைக்கு இரண்டு முறை ஓடுகிறவர் என்னுடையது போன்ற பழைய பற்றரிக் காரை வாங்கக் கூடாது. 60 யூனிற் பற்றரி உள்ள புதிய காரென்றால் யோசிக்கலாம்.

சரி, சார்ஜ் நிலையங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். வெளியூர்ப் பயணத்துக்கு அவை வேண்டும்தான். ஆனால் வன்னியில் மின்சாரக் காரை அன்றாடம் ஓட வைப்பது வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்தான். வீட்டில் ஏற்ற வழியில்லாத வாடகை அறைக்காரருக்கு நான் இந்தக் காரைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது, மீற்றர்ப் பெட்டி

வீட்டுக்கு வெளியே போய் மெயின் பிரேக்கரைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஒற்றைக் கட்ட 30 அம்பியர் இணைப்புத்தான். 230 வோல்ற்றால் பெருக்கினால் 6.9 கிலோவாற். முழு வீட்டுக்கும் அவ்வளவுதான். கிணற்று மோட்டர் ஒன்று, இஸ்திரிப் பெட்டி ஒன்று, ரைஸ் குக்கர் மூன்றாவது. ஏசியும் இருந்தால் பாதி போயிற்று. இதில் 32 அம்பியர் சுவர்ச் சார்ஜரைப் பூட்டினால் அது ஒன்றே 7.3 கிலோவாற் கேட்கும். வீடு இருட்டாகும்.

அதனால் 30 அம்பியர் வீட்டுக்கு 16 அம்பியர் போதும். அது 3.6 கிலோவாற் தரும். இரவு பத்தரையிலிருந்து விடிய ஐந்தரை வரை ஏழு மணித்தியாலத்தில் 25 யூனிற். கிட்டத்தட்ட 150 கிலோமீற்றர் ஓட்டம், நித்திரை கொள்ளும் நேரத்தில். இதைவிட வேகமாக ஏற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? சுவர்ச் சார்ஜரை 16, 10 என்று குறைத்து வைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) இணைப்புக்குக் காசு கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

கம்பி வரிசையின் கடைசி வீட்டுக்காரர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு ரியூப் லைற் பற்றத் தயங்கினால் உங்கள் பக்கம் வோல்ற்றேஜ் விழுகிறது. அந்த நேரத்தில் கார் ஏற்றினால் சார்ஜர் இடையில் நின்றுவிடும், பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டரும் முனகும். ஊர் படுத்த பிறகு ஏற்றுங்கள்.

நெத்தலி மணம்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், வீடு எரியாமல் தப்பிய கதை.

யப்பானிலிருந்து வரும் பழைய லீஃப்களோடு ஒரு சார்ஜிங் கேபிள் வரும். நடுவில் சாம்பல் நிறப் பெட்டி, அதன் லேபிளில் 200 வோல்ற், 15 அம்பியர் என்று இருக்கும். நுனியில் யப்பான்காரரின் பிளக். அது எங்கள் சுவரில் போகாது. எனக்குக் கார் விற்றவர் அந்தப் பிளக்கை வெட்டிவிட்டு எங்கள் ஊர் 13 அம்பியர் பிளக் ரொப் ஒன்றைப் பூட்டித் தந்திருந்தார். "எல்லாரும் உப்பிடித்தான் பாவிக்கினம்" என்றார். உண்மைதான், பலர் அப்படித்தான் பாவிக்கிறார்கள்.

மூன்றாவது கிழமை. இரவு ஒன்பது மணியிருக்கும், மீன் பொரிக்கும் மணம். பக்கத்து வீட்டில் நெத்தலி வறுக்கிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். பிறகுதான் யோசித்தேன், அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவர்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. போர்ட்டிக்கோவுக்குப் போய்ப் பிளக் ரொப்பில் கை வைத்தால் வைக்க முடியவில்லை. மெயினை இறக்கிவிட்டுக் கழற்றினேன். வெள்ளைப் பிளக் பேஸில் லைவ் துளையைச் சுற்றித் தேநீர்க் கறை போல மண்ணிறம். பிளக் ரொப்புக்குள் ஃபியூஸைப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி நீலம் பாரித்து, பிளாஸ்ரிக் இளகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஃபியூஸ் மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை? 13 அம்பியர் ஃபியூஸ் 14, 15 அம்பியரில் உடனே எரியாது. மணிக்கணக்காகச் சூடாகிக்கொண்டே இருக்கும். கேத்தில் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், அதற்கு அந்தப் பிளக் போதும். கார் எட்டு மணித்தியாலம் ஓயாமல் இழுக்கும். சூடான பிளக் பிளாஸ்ரிக்கின் மணம் மீன் மணம் போலத்தான் இருக்கும் என்பதைப் பிறகு ஒரு வயரிங்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வீட்டில் காரணமில்லாமல் மீன் மணத்தால் முதலில் பிளக்குகளைத் தொட்டுப் பாருங்கள். கார் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே: 13 அம்பியர் பிளக்கில் ஏற்றுவதென்றால் 10 அம்பியருக்கு மேல் இழுக்காத, 230 வோல்ற்றுக்கென்றே செய்த கேபிளை வாங்குங்கள். யப்பான் கேபிளில் வேறு பிளக் பூட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், அதிலும் சுருட்டி வைத்த வயர் அடுப்புத்தான். பல பிளக் உள்ள பலகைக் கட்டையையும் மறந்துவிடுங்கள்.

மூன்றாவது, தனி வயர்

மெயின் போர்ட்டிலிருந்து காருக்கு மட்டும் ஒரு தனி லைன் இழுக்க வேண்டும். வயரிங் செய்யும் தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள்: 16 அம்பியருக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர், போர்ட்டிலிருந்து கார் நிற்கும் இடம் 20 மீற்றருக்கு மேலென்றால் 6. பின்னர் 32 அம்பியர் வரக்கூடும் என்றால் இப்போதே 6 போடலாம், குழி இரண்டு தரம் தோண்டத் தேவையில்லை. தனிப் பிரேக்கர். தனி ட்ரிப் சுவிச், 30 மில்லியம்பியர், ஏ வகை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ட்ரிப் சுவிச்சோடு சேர்த்துவிட்டால், கார் ட்ரிப் ஆகும் இரவில் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து நிற்கும்.

எர்த்தை வயரிங்காரர்கள் அலட்சியமாக விடுவார்கள், நீங்கள் விடக்கூடாது. கார்ச் சார்ஜர் எர்த் சரியில்லாவிட்டால் சிவப்பு லைற் காட்டி ஏற்ற மறுக்கும். மறுப்பது நல்லதுதான், ஷொக்கிலிருந்து காப்பாற்றுவது அதுதான். வன்னியில் சிக்கல் என்னவென்றால், மார்கழியில் ஊறிக் கிடக்கும் நிலம் ஆவணியில் ஓடு போலக் காய்ந்துவிடும். மாரியில் எர்த்தை அளந்து "நல்லாயிருக்கு" என்று சொல்லிப் போனவர், கோடையில் சார்ஜர் சிவப்புக் காட்டும்போது தொலைபேசியை எடுக்கமாட்டார். கோடையில் அளக்கச் சொல்லுங்கள். கிணற்றடிப் பக்கம் ஈரம் நிற்கும் இடத்தில் கம்பியை இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஒரு கம்பி போதாமல் இரண்டு மூன்று கம்பி இறக்கித் தொடுக்க வேண்டியும் வரும்.

பிளக் பேஸை நிலத்திலிருந்து நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். வெள்ளமும் வரும், கோழியும் வரும்.

நான்காவதுதான் கார்

இப்போது கார் பார்க்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். அதன் பிறகு சீனத்துப் புதுக் கார்கள் ஏ9இல் தெரியத் தொடங்கின. மின்சாரக் காருக்குத் தீர்வை மோட்டரின் கிலோவாற்றையும் வாகனத்தின் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே வேகம் கூடிய மொடலுக்கு ஆசைப்பட்டால் காசு அங்கே போகும். எங்கள் வீதிக்கு அந்த வேகம் எதற்கு?

பழைய லீஃப் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது பற்றரியின் சுகம். மீற்றர்ப் பலகையின் வலது ஓரத்தில் சிறிய கோடுகள் இருக்கும், புதிதில் 12. முதல் கோடு மறைந்தால் ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது என்று பொருள், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் அளவில். 10 கோடு என்றால் ஐந்தில் ஒன்று போயிற்று. சிலர் மறைந்த கோடுகளைத் திரும்பத் தெரிய வைக்கும் வித்தையும் செய்கிறார்கள். ஆகவே லீஃப் ஸ்பை என்ற செயலியைத் தொலைபேசியில் போட்டு, காரின் பரிசோதனைத் துவாரத்தில் குத்தும் சிறிய புளூடூத் கருவியால் நேரே வாசியுங்கள். கருவியைக் குத்த விடமாட்டேன், நேரமில்லை என்று விற்பவர் இழுத்தடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். லீஃபின் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை, எங்கள் சூட்டில் அது மெல்ல மெல்ல வாடும். புதிய சீனக் கார்களில் பற்றரியைக் குளிர்விக்கும் வசதி இருக்கிறது. காசு இருப்பவர் அதற்குக் கொடுப்பது வீண் செலவல்ல.

பிளக் வாயையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். யப்பான் லீஃபுக்கு வீட்டுச் சார்ஜில் ரைப் 1, வேகச் சார்ஜில் சாடெமோ. புதிய பீவைடிகளுக்கு ரைப் 2, சீசீஎஸ் 2. ஒன்று மற்றதில் போகாது. சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த காரென்றால் வாய் இரண்டிலும் சேராத வேறு வகை, விலை மலிவென்று விழுந்துவிடாதீர்கள்.

யப்பான் காரில் இன்னொரு கூத்து. ஒவ்வொரு முறை ஸ்ராட் பண்ணும்போதும் ஒரு பெண் குரல் ஏதோ மரியாதையாகச் சொல்லும். அங்கத்தைய நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைப் போடவில்லை என்கிறாளாம். திரையும் முழுக்க யப்பான் எழுத்து. தொலைபேசிக் கமராவால் மொழிபெயர்த்து, சார்ஜ் நேரம் வைக்கும் இடத்தை மட்டும் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மிச்சம் தேவையில்லை.

பில் எவ்வளவு வருது?

மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுவதாக வைப்போம். யூனிற்றுக்கு ஆறரை கிலோமீற்றர் என்றால் 154 யூனிற். ஏற்றும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்தால் மீற்றரில் 170 அளவு சுற்றும். வீட்டுக்கு ஏற்கெனவே 80 யூனிற் போகிறதென்றால் மொத்தம் 250.

இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும்: 60, 90, 120, 180 என்று வரம்புகள், 180க்கு மேல் ஆகக் கூடிய விலை. காருக்குப் போகும் யூனிற் எல்லாம் உங்கள் பில்லின் மேற்படிகளில்தான் விழும். ஆகவே பழைய பில்லின் சராசரி விலையால் பெருக்காதீர்கள். இப்போதைய விலைப் பட்டியலை எடுத்து 250 யூனிற்றுக்குப் புதிதாகப் பில் போட்டு, அதில் 80 யூனிற்றின் பில்லைக் கழியுங்கள். அதுதான் காரின் செலவு. மறுபக்கத்தில், லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் கார் அதே தூரத்துக்கு 77 லீற்றர் குடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலைகள் அடிக்கடி மாறுவதால் நீங்களே போடும் கணக்குத்தான் கணக்கு.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையும் உண்டு. மாலை 6.30 முதல் 10.30 வரை ஆகக் கூட, 10.30 முதல் விடிய 5.30 வரை ஆகக் குறைவு. உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று மின்சாரக் கந்தோரில் பில்லோடு போய்க் கேளுங்கள். சாதாரண முறையில் இருப்பவருக்கு நடுநிசியில் ஏற்றினாலும் மாலையில் ஏற்றினாலும் காசு ஒன்றுதான்.

கரண்ட் போனால்?

போனால் நாளைக்கு ஏற்றுவோம், வேறென்ன. 40 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஒரு தடவை ஏற்றியது மூன்று நாளுக்குக் காணும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதாக அமைச்சர் சொன்னாரே, அன்றைக்கும் என் கார் ஓடியது. எங்கள் அப்பா மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர், பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணிய காலம். அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. புயலோ வெள்ளமோ வரும் என்று வானொலியில் சொன்னால் முதல் நாளே நிரப்பிவிடுங்கள், அவ்வளவுதான்.

கூரையில் சூரியத் தகடு வைத்தவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். வீதி மின்கம்பியோடு இணைத்த சாதாரணத் தொகுதி, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பற்றரி வைத்த தொகுதிக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றபடி 5 கிலோவாற் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 20 யூனிற் அளவு தரும், என் ஓட்டத்துக்கு அது மூன்று காருக்குப் போதும். சிறிய ஜெனரேற்றரில் ஏற்றலாமா என்றால், எர்த் இல்லாததால் சார்ஜர் பெரும்பாலும் ஏற்காது, ஏற்றாலும் எரிக்கும் எண்ணெய்க்குக் கட்டாது. அற்றோ 3 போன்ற கார்களிலோ எதிர்ப்பக்கமாகக் காரிலிருந்து வீட்டுச் சாமானுக்குக் கரண்ட் எடுக்கலாம். விசிறி, லைற், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அதில் ஓடும்.

மழை, இடி, வெள்ளம்

மழையில் ஓடலாம், மழையில் ஏற்றவும் செய்யலாம். காரின் வாய் அதற்கென்றே செய்தது, பூட்டிய பிறகுதான் கரண்டை விடும். சுவர்ப் பக்கப் பிளக் மட்டும் நனையக் கூடாது. இடி முழங்கினால் கழற்றிவிடுங்கள். சித்திரை மாத மாலை இடிகளும் ஐப்பசி இடிகளும் எத்தனை தொலைக்காட்சியைக் குடித்திருக்கின்றன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காரின் உள்ளே இருக்கும் சார்ஜர் தொலைக்காட்சி விலையில் வராது.

வெள்ளம் வேறு கதை. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மிதந்தன. அப்படி நீர் வந்தால் காரை முதலே மேட்டுக்கு எடுத்துவிடுங்கள். பற்றரி தரைக்குக் கீழேதான் இருக்கிறது. சில்லின் பாதிக்கு மேல் நீர் நிற்கும் இடத்தில் இறக்க வேண்டாம். மூழ்கிய காரை நீங்களே ஸ்ராட் பண்ணவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம்.

வீதியில்

சத்தமில்லாத கார் என்பது முதல் மாதம் பெருமை, பிறகு பொறுப்பு. இரவில் ஏ9இல் சூடான தார் மேல் படுத்திருக்கும் மாடுகள் லொறிச் சத்தத்துக்கே எழும்பாதவை, உங்கள் காரைக் கண்டுகொள்ளவே மாட்டாது. அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டுக் குனிந்து கூட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் நீங்கள் வருவது கேட்காது. தூரத்திலேயே ஒரு சின்ன ஹோன் அடித்து மெதுவாகப் போங்கள்.

உள் வீதிகளில் கிரவல் பாதை. கல் துள்ளிக் கீழே தட்டும் சத்தம் பற்றரிப் பெட்டியில் தட்டும் சத்தம். நடுவில் மண் மேடு எழும்பிய உழவு இயந்திரப் பாதைகளில் ஒரு சில்லை மேட்டின் மேலே ஏற்றி ஓடுங்கள். ஜக் வைக்கும்போது ஓரத்தில் குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள், நடுவில் வைத்தால் பற்றரி நசியும்.

கொழும்புக்குப் போவதென்றால் கிளிநொச்சியிலிருந்து 330 கிலோமீற்றர். என் காருக்கு இரண்டு, சில நாள் மூன்று நிறுத்தம். முதல் நாள் மாலையே சார்ஜ் நிலையங்களுக்குத் தொலைபேசி எடுங்கள். மெசின் வேலை செய்கிறதா, உங்கள் வாய்க்குப் பொருந்தும் கேபிள் இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று மூன்று கேள்வி. நிலையங்களைக் காட்டும் செயலியில் பச்சையாகத் தெரிவது போதாது. வேகச் சார்ஜில் 80 வீதத்தோடு கழற்றுங்கள், அதற்குப் பிறகு வேகம் நத்தையாகிவிடும். லீஃபில் இரண்டாவது தடவை வேகச் சார்ஜ் முதலாவதைவிட மெதுவாகத்தான் ஏறும், பற்றரி சூடாகியிருக்கும்.

அன்றாடம் வீட்டில் ஏற்றும்போது லீஃபை 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருக்கிறேன், பயண நாளுக்கு மட்டும் நூறு. புதிய பீவைடிகளின் பற்றரி வேறு இரசாயனம், அவற்றைக் கிழமைக்கு ஒரு தடவை நூறுக்கு ஏற்றுவது நல்லது. நூறில் ஏற்றிவிட்டு மதிய வெயிலில் இரண்டு நாள் நிறுத்தி வைப்பது எந்தப் பற்றரிக்கும் கூடாது. வேப்ப மரமோ மா மரமோ இருந்தால் அதன் கீழே நிறுத்துங்கள். காகம் செய்வதைக் கழுவிக்கொள்ளலாம்.

நடுவழியில் நின்றால்

லீஃபில் சார்ஜ் முடியப் போகும்போது முதலில் கிலோமீற்றர் எண் மறைந்து மூன்று கோடுகள் வரும். பிறகு ஒரு ஆமைப் படம். ஆமையைக் கண்டால் கார் ஊரும், கொஞ்ச நேரத்தில் நிற்கும். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஒரு தடவை ஆமையைப் பார்த்தேன், சோளகத்தைக் கணக்கில் எடுக்காத நாள். ஏசியை நிறுத்தி, 40இல் ஊர்ந்து, ஒரு தேநீர்க் கடையில் மூன்று மணித்தியாலம் குத்தி வைத்து வீடு வந்தேன். கடைக்காரருக்குக் கரண்டுக் காசு கொடுக்காமல் வராதீர்கள். யாழ்ப்பாணத்து மாமி வாங்கமாட்டா, அவவுக்கு இரணைமடு மீன் கொண்டுபோகலாம்.

சார்ஜ் நிறைய இருந்தும் கார் உயிர் பெறவில்லையா? பத்தில் எட்டுத் தடவை அது முன்னால் இருக்கும் சாதாரண 12 வோல்ற் பற்றரிதான். மின்சாரக் காருக்குள்ளும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எந்தக் கராஜ்காரரும் வயர் கொடுத்து எழுப்பிவிடலாம். திறப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறிய உலோகத் திறப்பால் கதவைத் திறக்கப் பழகி வையுங்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் மட்டும் ஒருவரும் கை வைக்கக் கூடாது. 350 வோல்ற்றுக்கு மேல் ஓடும், அதற்குப் படித்தவரிடம்தான் போக வேண்டும். பிரேக், சஸ்பென்ஷன், ரயர் எல்லாம் ஊர்க் கராஜிலேயே செய்யலாம். லீஃபோடு பெரும்பாலும் மேலதிகச் சில்லு வராது, ஒன்றை வாங்கி டிக்கியில் போடுங்கள்.

இழுக்க வேண்டி வந்தால் முன் சில்லு நிலத்தில் உருளக் கூடாது, உருண்டால் மோட்டரும் சேர்ந்து சுழன்று பழுதாகும். முழுக் காரையும் லொறியில் ஏற்ற வேண்டும். எங்கள் பக்கம் கார் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஒரு லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரமும் கயிறும் வந்துவிடும், நீங்கள் வாய் திறக்க முன்னமே அண்ணை ஒருவர் பம்பருக்குக் கீழே குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். "அண்ணை, இதை இழுக்கேலாது, ஏத்தத்தான் வேணும்" என்று முதலே சொல்லுங்கள். தட்டையான பெட்டி லொறி வைத்திருக்கும் ஒருவரின் இலக்கத்தைக் காரை வாங்கிய அன்றைக்கே தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.